சேமநிதியின் பழைய கணக்கு

சென்ற சில மாதங்களாக நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் புதுவகைக் கேள்விகள் எழுகின்றன. பாவு, கூலி நிலுவை, தள்ளுபடி மானியம் ஆகியவை பற்றியே கேட்டுவந்த அங்கத்தினர்கள், நாம் கணக்குப் புத்தகங்களை மூடிவிட்டு எழுந்திருக்கும் சமயத்தில் மெல்ல அருகில் வந்து, தம் வீட்டுப் பிள்ளைகளின் விவகாரம் ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறார்கள். "பெண் வேலையை விட்டாள், பி.எப். பணம் கேட்டோம்; பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதிதான் வந்தது; இது நியாயமா ஐயா?" என்பார் ஒருவர். "பையன் முதலில் வேலை பார்த்த இடத்துக் கணக்கு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை" என்பார் மற்றொருவர். இக்கேள்விகளுக்கும் கூட்டுறவு இலாகாவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பது மெய்தான். ஆயினும் நெசவாளரும் விவசாயியும் தம் சங்கத்தில் கேளாமல் வேறு எங்குச் சென்று கேட்பார்கள்? சேமநிதியில் பணம் சேர்ப்பது பாதி வேலைதான். சேர்ந்ததற்குரிய கணக்கைக் காப்பது மறுபாதி. அந்த மறுபாதியை நம் சங்கங்கள் தம் கடமையாக ஏற்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

செய்யாற்று வட்டாரத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் பட்டுத்தறியில் இருக்கிறார். சிற்றப்பா கரும்பு பயிரிட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அனுப்புகிறார். மகள் சிப்காட் வளாகத்துக் காலணித் தொழிற்சாலைக்குக் கம்பெனிப் பேருந்தில் போய்வருகிறாள். ஒரே கூரையின்கீழ் வாழும் இம்மூவருக்கும் முதுமைக்காக ஏதேனும் ஒரு நிதியில் பணம் சேர்ந்துகொண்டிருக்கக் கூடும். தகப்பனாருடைய கணக்கைச் சங்கம் எழுதுகிறது; சிற்றப்பாவுடையதை வங்கி எழுதுகிறது; மகளுடையதைத் தொழிற்சாலையும் சேமநிதி அலுவலகமும் எழுதுகின்றன. வீட்டில் மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. நூற்றுக்கு எட்டு ரூபாய் வட்டியென்று பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த கைமாற்றைச் சுவரில் கரிக்கோடிட்டு நினைவு வைத்திருக்கும் குடும்பத்தில், இருபது ஆண்டுச் சேமிப்புக்கு ஒரு வரிக் குறிப்பும் இராது!

முதலில் தொழிற்சாலைப் பிள்ளைகளின் விஷயம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி என்பதையே நம் முதியோர் சேமநிதி என்றனர். இன்றைய பேச்சில் அது பி.எப். இந்நிதிக்கான சட்டம் 1952இல் இயற்றப்பட்டபோது ஆறு தொழில்களுக்கே உரியதாயிருந்தது. ஆறனுள் ஜவுளியும் ஒன்று. எனினும் சங்கத்தின் பாவை வாங்கித் தன் வீட்டுத் தறியில் நெய்யும் அங்கத்தினர் அச்சட்டத்தின் கண்ணில் தொழிலாளி ஆகவில்லை. ஆலையில் கூலி பெறுவோரே அதன் பயனைப் பெற்றனர். அப்படியிருக்க, எழுபது ஆண்டுகளுக்குப் பின் நெசவாளர் வீட்டுப் பெண்கள் தொழிற்சாலைக்குச் சென்றதன் வாயிலாக அச்சட்டம் நம் தறிக்குழி வரையில் வந்து சேர்ந்திருக்கிறது.

மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 12 வீதம் 1,200 ரூபாய் பிடிக்கப்படும். முதலாளியும் 1,200 ரூபாய் செலுத்துவார். முதலாளி செலுத்துவதில் 8.33 சதவீதம், அதாவது 833 ரூபாய், 1995 நவம்பர் 16 முதல் நடந்துவரும் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். எஞ்சிய 367 ரூபாய் தொழிலாளியின் சேமநிதியில் சேரும். ஆகவே நிதியில் மாதம் 1,567 ரூபாய் ஏறுகிறது. மூன்று ஆண்டில் வட்டியை விட்டுக் கணக்கிட்டாலும் 56,412 ரூபாய். ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. கலியாணம், பிரசவம், வீட்டுக் கூரை என்று ஏதேனும் ஒன்று வரும்போது பெண் வேலையை விடுகிறாள், பணத்தையும் எடுக்கிறாள். அங்கேதான் வரி குறுக்கிடுகிறது.

தொடர்ந்து ஐந்து ஆண்டு வேலை செய்த பின்னர் எடுத்தால் வரி இல்லை. அதற்கு முன் எடுத்தால் உண்டு. இது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுத்த விதி. (2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்குரியது. பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர்கள் அவற்றை மறந்துவிடலாம்.) ஐந்தாண்டு முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுப்பவரிடம் நூற்றுக்கு 10 வீதம் முன்னதாகவே பிடித்துக்கொள்வார்கள். பான் எண் கொடுக்காதவரிடம் 2023 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 20. மேற்சொன்ன பெண்ணின் தொகையில் பான் எண் இருந்தால் 5,641 ரூபாயும், இல்லாவிட்டால் 11,282 ரூபாயும் கழிந்துபோகும். வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லை என்று உரிய உறுதிமொழிப் படிவத்தை முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் இக்கழிவைத் தவிர்த்திருக்கலாம். அதையும் அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

இவ்விடத்தில் நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஐந்து ஆண்டு என்பது ஒரே தொழிற்சாலையில் ஐந்து ஆண்டு என்று பொருள்படாது. முந்தைய வேலையிடத்துச் சேமநிதியைப் புதிய இடத்துக் கணக்கோடு இணைத்திருந்தால் அங்கே உழைத்த காலமும் சேர்ந்தே எண்ணப்படும். ஓரிடத்தில் இரண்டு ஆண்டு, மற்றோரிடத்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்தவளுக்குச் சட்டத்தின்படி ஐந்து நிறைந்துவிட்டது. பழைய கணக்கு இணைந்திருந்தால் வரி ஒரு காசும் இல்லை. இணையாதிருந்தால் அவள் மூன்று ஆண்டுக்காரி. உழைப்பு ஒன்றுதான்; காகிதம் இருக்கிறதா இல்லையா என்பதே வேற்றுமை. ஆதலால் பணத்தைக் கேட்பதற்கு முன்னர் பழைய கணக்கைத் தேடி இணைக்க வேண்டும். பணம் கைக்கு வந்த பின்னர்த் தேடுவது, அறுத்த பின் வரப்பைத் தேடுவது போன்றதாகும்.

அதுபோலவே, நோயினாலோ தொழிற்சாலை மூடப்பட்டதனாலோ, தன் வசமில்லாத வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால், ஐந்தாண்டு நிறையாவிட்டாலும் வரி இல்லை. ஆலை மூடப்பட்ட நாளில் வாயிற்கதவில் ஒட்டிய அறிவிப்பை ஒருவரும் படியெடுத்து வைப்பதில்லை. வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாண்டு நிறையாமல் எடுத்து, வரிக்கும் உட்பட்டவருக்கு வேலை இன்னும் கூடுதல். முதலாளி செலுத்திய பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகக் கருதப்படும். தொழிலாளியின் சொந்தப் பங்குக்குக் கிடைத்த வட்டி வேறு வருமானமாகும். சொந்தப் பங்குக்கு மறுமுறை வரி இல்லை. ஆனால் அப்பங்கைக் காட்டி முன் ஆண்டுகளில் வரிக்கழிவு பெற்றிருந்தால், அக்கழிவை ஆண்டு ஆண்டாகத் திருப்பிக் கணக்கிடுவர். புதிய வரிமுறையைத் தெரிந்துகொண்ட ஆண்டுகளில் அத்தகைய கழிவே இல்லாதபடியால் திருப்பிச் சேர்க்கவும் ஒன்றுமில்லை. அப்படியாயின், எந்த ஆண்டில் எந்த முறை, எந்த ஆண்டில் எவ்வளவு பங்கு, அதில் எவ்வளவுக்குக் கழிவு என்பவற்றை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அவற்றுக்குச் சான்று, முதலாளி ஆண்டுதோறும் தரும் பதினாறாம் எண் படிவமும், தாக்கல் செய்த வரிக் கணக்கின் படியுமே. இவற்றை அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்ட வீடுகளை நாம் அறிவோம்.

நிற்க. வரியைப் பற்றி அச்சமூட்டுவது நம் நோக்கம் அன்று. உண்மையில் நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இறுதியில் வரியே வராது. 2025–26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையுள்ள வருமானத்துக்குத் தள்ளுபடியின் காரணமாக வரி கிடையாது. பிடித்த தொகையை, உரிய காலத்துக்குள் வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பப் பெறலாம். ஆனால் எத்தனை பேர் தாக்கல் செய்கிறார்கள்? "நமக்கு எதற்கு வருமான வரி? அது கடைக்காரர் சமாசாரம்" என்று சொல்லிவிட்டு, திரும்பி வர வேண்டிய ஐயாயிரத்தையும் பத்தாயிரத்தையும் சர்க்காருக்கே விட்டுவிடுகிறார்கள். பணக்காரருக்குக் கணக்கு எழுத ஆள் இருக்கிறார். அவர் கழிந்ததைக் காசு பாக்கியின்றித் திரும்பப் பெறுகிறார். ஏழை வீட்டுப் பெண்ணோ தனக்கு வராத வரியைச் செலுத்தியவளாக நின்றுவிடுகிறாள். இந்த அநீதியே நம்மை எழுதத் தூண்டியது.

பழைய கணக்கைத் தேடும் வழி எவ்வாறு என்பதை, நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்கலாம். ஊரையும் பேரையும் தவிர்க்கிறோம். ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தின் அங்கத்தினருடைய மகள், கலியாணத்துக்கு முன் ஒரு தொழிற்சாலையிலும் பின்னர் வேறொன்றிலும் வேலை பார்த்தவள். முதல் இடத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடும், இரண்டாம் இடத்தில் கணவர் பெயரின் முதலெழுத்தோடும் அவள் பெயர் பதிவாகியிருந்தது. பிறந்த தேதியிலும் ஒரு மாத வேற்றுமை. ஆகவே ஒருத்தியே இருவராகி, இரண்டு எண்களோடு இருந்தாள். முதலிடத்து எண் எதுவென்று அவளுக்கு நினைவில்லை. அந்தத் தொழிற்சாலையில் கேட்டதற்கு, அக்காலத்து ஆட்கள் எவரும் இப்போது இல்லை என்று விடை வந்தது. சங்கத்துக் குமாஸ்தா பொறுமைசாலி. அவர் அவளுடைய வங்கிப் புத்தகத்தை வாங்கி, சம்பளம் வரவான மாதங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். அதனால் வேலை செய்த காலம் தெரிந்தது. பின்னர் அவளோடு அதே பேருந்தில் சென்றுவந்த தோழியின் சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தது. அதிலிருந்த எண்ணே கதவைத் திறந்தது.

எப்படியெனில், சேமநிதி எண் என்பது பொருளற்ற இலக்கக் குவியல் அன்று. அதன் முன்பகுதி வட்டாரத்தையும் அலுவலகத்தையும் குறிக்கும். நடுப்பகுதி தொழிற்சாலைக்கு உரியது. கடைசிப் பகுதியே ஆளுக்கு உரியது. ஒரே இடத்தில் வேலை பார்த்த இருவருக்கு முதல் இரு பகுதிகளும் ஒன்றாகவே இருக்கும். தோழியின் சீட்டில் தொழிற்சாலையின் எண் கிடைத்துவிட்டால், பெயரையும் காலத்தையும் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது அலுவலகத்தாருக்கு அரிதன்று. 2014 அக்டோபரில் ஒருவருக்கு ஒரே எண் என்னும் பொது எண் முறை வந்தது. அதற்கு முன் வேலை மாறிய ஒவ்வொரு முறையும் புது எண் பிறந்தது. அவ்வெண்களே இன்று அநாதைகளாகத் திரிகின்றன. அக்காலத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கொரு பங்குத் தொகை அட்டையும், தொழிற்சாலை முழுமைக்கும் ஓர் ஆண்டுத் தொகுப்பும் முதலாளி அனுப்ப வேண்டும். 3 ஏ, 6 ஏ என்று குமாஸ்தாக்கள் சொல்வது அவற்றையே. கணக்கில் ஐயம் வந்தால், எந்த ஆண்டின் எந்தப் படிவம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பவருக்கு விடை விரைவில் கிடைக்கும். "என் பணம் எங்கே?" என்று பொதுவாகக் கேட்பவர் பல மாதம் அலைவார்.

பெயர் விஷயம் நம் தமிழ்நாட்டுக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துத்தான் உண்டு. அது ஆதாரில் விரிந்தும், பான் அட்டையில் பின்னால் நின்றும், சம்பளப் பட்டியலில் விடுபட்டும் இருக்கும். வடநாட்டுப் படிவத்தில் முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரு கட்டங்கள் இருந்தால் எதை எங்கே எழுதுவதென்று நம் குமாஸ்தாவும் திகைக்கிறார். இதற்காக நெசவாளரைக் குறைகூறுவோர் உளர், நாம் கூறமாட்டோம். படிவத்தை வகுத்தவர் நம் பெயர் வைக்கும் முறையை எண்ணிப் பாராதிருந்தால் அது படிப்பில்லாதவர் குற்றம் ஆகுமா? எனினும் திருத்தும் வழி இப்போது சற்று எளிதாகியிருக்கிறது. 2017 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் ஆதார் கொண்டு பெற்ற எண்ணாயின், பெயரையும் பிறந்த தேதியையும் முதலாளியின் ஒப்பமின்றி உறுப்பினரே திருத்திக்கொள்ள 2025 ஜனவரியில் வழி திறந்தார்கள். அதற்கு முந்தைய எண்களுக்குச் சான்றுகளோடு விண்ணப்பம் வேண்டும்.

இதுகாறும் வரியை முன்னிட்டே பேசினோம். வரியைக் காட்டிலும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுக்காலம் கணக்கில் இருக்க வேண்டும். நான்கு, மூன்று, நான்கு என்று மூன்று இடங்களில் உழைத்தவருக்குப் பதினொன்று ஆகிறது. இடையிலுள்ள மூன்று ஆண்டு காணாமற்போனால் எட்டுத்தான். எட்டு ஆண்டுக்காரருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் இல்லை. வேலையை விடும்போது ஓய்வூதியப் பங்கைப் பணமாக வாங்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த வேலையில் அக்காலம் தொடரும். இச்சான்றிதழ் இருக்கிறதென்றே நம்மூரில் பலர் அறியார்.

இனி நம் சொந்த வீட்டுக்கு வருவோம். தொழிற்சாலைகளைக் குறைகூறுவதற்கு முன் சங்கங்களின் நிலை எப்படி என்று பார்க்க வேண்டாமா? கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் 1975 முதல் தமிழ்நாட்டில் நடந்துவருகிறது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் பங்கு, 4 காசு அரசின் பங்கு என்பது நெடுங்காலம் இருந்துவந்த விகிதம். ஆயிரம் ரூபாய் கூலிக்கு 80 ரூபாயும் 40 ரூபாயும் ஆக 120 ரூபாய் சேரும். அதற்கு வட்டியும் உண்டு. சேமநிதிச் சட்டம் கைவிட்ட நெசவாளருக்கு இதுவே சேமநிதி. இதில் கணக்கு எழுதுவோர் சங்கத்தாரே அன்றி வேறு எவரும் அல்லர். பங்கைப் பிடிப்பதும் சங்கம், பேரேட்டில் எழுதுவதும் சங்கம், அரசின் பங்கைக் கேட்டுப் பெறுவதும் சங்கம். ஆகவே ஒரு நெசவாளர் தறியிலிருந்து இறங்கும் நாளில் கணக்கு நேராக இல்லையென்றால், பழியை வேலூருக்கோ டில்லிக்கோ அனுப்ப முடியாது.

பல சங்கங்களில் கணக்கு நேராகவே இருக்கிறது. அதை மகிழ்ச்சியோடு கூறுகிறோம். ஆனால் அங்கத்தினரின் பாஸ்புத்தகம் எங்கே என்று கேட்டால், சங்கத்துப் பீரோவில் என்பார்கள். "ஏன்?" என்றால், "கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், எலி கடித்துவிடும், குழந்தைகள் கிழித்துவிடும்" என்பார்கள். இவ்வாதம் நமக்கு உடன்பாடில்லை. பல்லாயிரம் ரூபாய் பெறுமான பட்டையும் ஜரிகையையும் அதே வீட்டில் நம்பி ஒப்படைக்கிறோம். அங்கே எலி இல்லையா, குழந்தை இல்லையா? ஒரு காசு எடை குறையாமல் சேலையாகத் திருப்பித் தருகிறவருக்கு ஒரு சிறு புத்தகத்தைக் காக்கத் தெரியாதா? பாஸ்புத்தகம் நெசவாளர் வீட்டில் இருக்க வேண்டும். பீரோவில் இருக்க வேண்டியது பேரேடு. இரண்டும் ஓரிடத்தில் இருந்தால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்ப்பது எவ்வாறு? 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் முதற்கொண்டே ஆண்டுத் தணிக்கை விதிக்கப்பட்டிருக்கிறது. எனினும் தணிக்கையாளர் சங்கத்தின் மொத்தத்தையே பார்க்கிறார். தன் பக்கத்தைத் தானே பார்க்கும் அங்கத்தினர்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் தணிக்கையாளர்.

சங்கம் மாறிய நெசவாளர்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. முதற்சங்கம் கலைக்கப்பட்டிருந்தால் அதன் புத்தகங்கள் கலைப்பு அலுவலர் வசம் போயிருக்கும். அங்கிருந்த சேமிப்பு புதிய சங்கத்துக்கு மாறியதா, மாறியிருந்தால் எத்தேதியில், எத்தொகை என்பதற்குச் சான்று, கூலிப் பட்டியலும் பழைய தணிக்கை அறிக்கையின் இணைப்புப் பட்டியலுமே. பட்டியலில் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இருக்கும். இவற்றை விதித்த காலம் முடிந்ததென்று எடைக்குப் போட்டுவிடும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை: பற்றுச்சீட்டுகள் போகட்டும், வவுச்சர்கள் போகட்டும், கூலிப் பட்டியலையும் சேமிப்புப் பேரேட்டையும், அதில் பெயருள்ள கடைசி நெசவாளர் தம் தொகையைப் பெறும் வரையில் அழிக்கலாகாது. ஒரு மர அலமாரிக்கு மேல் செலவு இல்லை.

சங்கத்துச் சிப்பந்திகளின் நிதியும் உண்டு. 50 பேருக்குக் குறைந்த ஆட்களோடு, இயந்திர சக்தியின்றி நடக்கும் கூட்டுறவுச் சங்கங்களை 1952 சட்டத்தின் 16ஆம் பிரிவு விலக்கியிருந்தது. அதனால் பல சிறு சங்கங்களின் குமாஸ்தாவுக்கும் விற்பனையாளருக்கும் சங்கமே சேமநிதி நடத்திவந்தது. அந்நிதி வருமான வரி ஆணையரின் அங்கீகாரம் பெற்றதா என்பதைக் காரியதரிசிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கீகாரம் பெறாத நிதியாயின், ஐந்தாண்டு முடிந்தாலும் சங்கத்தின் பங்குக்கும் வட்டிக்கும் வரி உண்டு. அங்கீகாரக் கடிதம் இருந்தால் அதைக் கோப்பில் புதைத்து வைக்காமல், சிப்பந்திகளுக்கு ஆளுக்கொரு படி கொடுத்துவிடலாம்.

விவசாயிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறு, குறு விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 2019இல் வந்தது. 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்தோர், சேர்ந்த வயதுக்கு ஏற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் செலுத்தினால், மத்திய சர்க்காரும் அதே அளவு செலுத்தி, 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் தருவதாக ஏற்பாடு. பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிகிறது. தானே கழிவது எப்போது தானே நின்றது என்றும் தெரியாது. வங்கிப் புத்தகத்தை ஆண்டுக்கொரு முறையாவது அச்சிட்டு, அவ்வரிகளின் கீழ்க் கோடிட்டு வைப்பது போதும்.

கணக்கு தொலைவது ஏழை நாடுகளின் வழக்கம் என்று எவரும் கருத வேண்டாம். ஜப்பான் தேசத்தில் 2007இல் வெளிப்பட்ட செய்தி ஒன்று இதற்குச் சான்று. ஓய்வூதியச் சந்தா செலுத்தியதற்கான பதிவுகளில் சுமார் 5 கோடி, எவருடையவை என்று அடையாளம் தெரியாமல் கிடந்தன. அங்கும் முன்னாளில் வேலை மாறியபோது எண் மாறியது. 1997இல் ஒருவருக்கு ஒரே எண் என்று வகுத்தபோது பழைய எண்கள் முழுதும் சேரவில்லை. காகிதப் பேரேட்டிலிருந்து இயந்திரத்துக்கு ஏற்றியவர்கள் பெயர்களைப் பிழையாகப் படித்தார்கள். கலியாணமான பெண்களின் பெயர் மாறியிருந்தது. நம் செய்யாற்றுப் பெண்ணின் கதைதான்! ஜனங்கள் கொதித்தெழுந்தனர். அந்த இலாகாவே 2009 இறுதியோடு ஒழிக்கப்பட்டு, 2010 ஜனவரியில் புதிய அமைப்பு ஏற்பட்டது. சந்தாச் சீட்டு இல்லாதவர்களுக்காக, வீட்டு வரவுசெலவுக் குறிப்பு போன்ற சுற்றுச் சான்றுகளையும் எடைபோட்டுப் பார்க்கத் தனிக் குழுக்கள் அமைத்தார்கள். 2009 முதல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவர் பிறந்த மாதத்தில், இதுவரை எவ்வளவு செலுத்தியிருக்கிறீர் என்று ஒரு கடிதம் வீடு தேடி வருகிறது.

அக்கடிதத்தைத்தான் நாம் நம் சங்கங்களிடம் கேட்கிறோம். ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஒவ்வொரு நெசவாளருக்கும் ஓர் அரைத்தாள்: முன் ஆண்டு இருப்பு, இவ்வாண்டுக் கூலி, அவர் பங்கு, அரசின் பங்கு, வட்டி, மொத்தம், வாரிசாக நியமிக்கப்பட்டவர் பெயர். கீழே காரியதரிசியின் கையொப்பமும் முத்திரையும். விகிதம் மாறிய ஆண்டாயின் மாறிய தேதி. இதைப் பேரவைக் கூட்டத்தில் கையில் கொடுத்துவிடலாம். குமாஸ்தாவுக்கு வேலைப்பளு கூடும் என்று ஆட்சேபம் வரும். வரட்டும்; பேரேடு நேராக உள்ள சங்கத்தில் இது ஒரு வாரத்து வேலை. நேராக இல்லாத சங்கத்தில் ஆறு மாத வேலையாகலாம். அந்த ஆறு மாத வேலை எப்படியும் என்றேனும் ஒரு நாள் ஒரு விதவையின் கண்ணீருக்கு முன் செய்ய வேண்டியதே.

மேலும், அங்கத்தினர் குடும்பத்துப் பிள்ளைகளின் சேமநிதி விவரத்துக்கென்று சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைக்கலாம். வேலைக்குச் சேர்ந்த தேதி, தொழிற்சாலைக்குரிய எண், பொது எண், விட்ட தேதி இவ்வளவே. கடவுச்சொல்லும் ஆதார் எண்ணும் அதில் எழுதக் கூடாது. அவை வீட்டோடு இருக்கட்டும். விருப்பமுள்ளவர் மட்டும் எழுதினால் போதும். மேற்சொன்ன பெண்ணுக்கு இத்தகைய இரண்டு வரி எங்கேனும் இருந்திருந்தால் நான்கு மாத அலைச்சல் மிஞ்சியிருக்கும். அவளுடைய இரண்டு கணக்குகளும் பின்னர் இணைந்தன. ஐந்து ஆண்டும் நிறைந்தது. பணம் கழிவின்றி வந்தது. தகப்பனார் அதில் ஒரு பங்கைத் தறிக்குப் புது ஜக்கார்டு பெட்டி வாங்கச் செலவிட்டார் என்று கேள்வி.

இதனைப் படித்துவிட்டுத் தேட முற்படுவோர்க்கு ஒரு தகவல். 2023 ஜனவரி முதல் சேமநிதி நிறுவனத்தார் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாதந்தோறும் 27ஆம் நாள், அது விடுமுறையாயின் அடுத்த வேலைநாளில், குறைதீர்க்கும் முகாம் நடத்தும் ஏற்பாட்டைச் செய்துள்ளனர். திருவண்ணாமலை மாவட்டத்து முகாமின் இடம் மாறக் கூடுமாதலால், முந்திய வாரமே வேலூர் அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளவும். செல்லும்போது ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம், கிடைத்த சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் அசலும் படியும் கொண்டு செல்க. சீட்டே கிடைக்காதவர்கள், உடன் வேலை பார்த்தவரின் சீட்டையேனும் ஒரு படி எடுத்துச் செல்க. கொடுத்த மனுவுக்கு எண்ணும் தேதியும் இட்ட ஒப்புகை வாங்காமல் திரும்ப வேண்டாம்.